ஏஎம்சி மெக்கானிக்கின் கூலி எந்தக் கணக்கில் வருகிறது?

மதுரை கே.கே. நகரில் குடியிருப்பவர்களுக்கு அரசாங்கம் எட்டாத இடத்தில் இல்லை. மாவட்ட நீதிமன்றம் கூப்பிடு தூரம். மாநகராட்சியின் அறிஞர் அண்ணா மாளிகையும் ஆட்சியர் அலுவலகமும் அரசு இராசாசி மருத்துவமனையும் ஷேர் ஆட்டோ தூரம். மேலூர் சாலையில் மாட்டுத்தாவணியைத் தாண்டிப் போனால், 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை. இந்த வளாகங்களில் ஓடும் ஏசி, லிஃப்ட், ஜெனரேட்டர், யூபிஎஸ், ஜெராக்ஸ் மெஷின், பம்ப் மோட்டார் என எதை எடுத்தாலும் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர், செல் நம்பர், கடைசி சர்வீஸ் தேதி, அடுத்த சர்வீஸ் தேதி. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஊர் வழக்கில் ஏஎம்சி, உயிரோடு இருப்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்த மெஷினைக் கழற்றித் துடைத்து மாட்டிய ஆளுக்கு அன்றைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை மட்டும் அந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பிலும் தேடிப் பிடிக்க முடியாது. எத்தனை மெஷின், எத்தனை டன், வருடத்துக்கு எத்தனை சர்வீஸ், புகார் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு அபராதம் எல்லாம் டெண்டரில் உண்டு. ஆள் கிடையாது. அரசுப் பணத்தில் நடக்கும் வேலை ஒன்றில், வேலை செய்பவரின் ஊதியம் அரசின் கண்ணுக்கே படாமல் போவது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

பக்கத்திலேயே வேறொரு நடைமுறையும் இருக்கிறது. ஒன்றிய அரசு 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் என்ற மின்சந்தையில், அலுவலகத்துக்கு ஆள் எடுப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதன் பெயரிலேயே ‘குறைந்தபட்ச ஊதியம்’ என்று இருக்கிறது. டேட்டா என்ட்ரி ஆபரேட்டரோ துப்புரவுப் பணியாளரோ, அவருடைய நாள் ஊதியம் ஒரு வரி, வருங்கால வைப்பு நிதி ஒரு வரி, ஈஎஸ்ஐ ஒரு வரி என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஏஜென்சிகள் போட்டி போடுவது தங்கள் சேவைக் கட்டணத்தில் மட்டும்தான். அந்தக் கட்டணத்தையும் சிலர் பூஜ்யம் என்று போட்டு டெண்டர் எடுக்கப் பார்த்தார்கள். கமிஷனே இல்லாமல் ஆள் சப்ளை செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கமிஷனை அவர் எங்கிருந்து எடுக்கப்போகிறார் என்று யாருக்கும் தெரியும். பூஜ்யக் கட்டணம் காட்டும் ஒப்பந்தப்புள்ளியைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்று நிதியமைச்சகம் 2014இலேயே சொல்லிவிட்டது.

அதே ஜெம் தளத்தில் ஏசிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏஎம்சி போடும் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விலை மெஷினுக்கு. ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு இவ்வளவு, ஒரு பிரின்டருக்கு இவ்வளவு. குறைந்த விலை போட்டவர் எல்1. அவருக்கே வேலை. தமிழக அரசின் அலுவலகங்களுக்கு 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உண்டு. நல்ல சட்டம்தான். வேண்டியவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்துக்குக் கடிவாளம் போட வந்தது. ஆனால் அதன் மையமும் எல்1தான். கதவடைத்துக்கொண்டு பேரம் பேசுவதை அது தடுக்கிறது. குறைந்த விலைக்குள் எதை அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலையாக இல்லை.

ஆக, அலுவலக வராண்டாவைப் பெருக்குபவருக்குக் காகிதத்திலாவது ஒரு கூலி உண்டு. தலைக்கு மேலே ஏணி போட்டு இன்டோர் யூனிட்டைக் கழற்றுகிற மெக்கானிக்குக்குக் காகிதத்திலும் கிடையாது. இதைச் சொல்வதால் துப்புரவுத் தொழிலாளிக்கு எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளாட்சித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்து 2017ஆம் ஆண்டு வெளியான தொழிலாளர் துறை அரசாணை 62ஐக் கையில் வைத்துக்கொண்டு உள்ளாட்சித் தொழிலாளர் சங்கங்கள் இன்றுவரை போராடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கையில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு எண் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. நாலு பேர், ஆறு பேராகச் சின்னச் சின்னக் கடைகளில் சிதறிக் கிடக்கும் மெக்கானிக்குகளுக்கு இரண்டுமே இல்லை.

சட்டம் இவர்களை மறந்துவிட்டதா என்றால், ஒரு வகையில் தெரிந்தேதான் விட்டிருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 21ஆவது பிரிவு வலுவாக இருந்தது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும் இடத்தில் முதன்மை முதலாளியின், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுத்தவரின், பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும், ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் மத்திய விதிகளில் 25ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போனது. நேரடி ஊழியர் செய்யும் அதே வேலையை அல்லது அதையொத்த வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால், அதே ஊதியம், அதே விடுமுறை, அதே வேலை நேரம்.

இவ்வளவும் யாருக்கு? இருபது பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு. விட்டு விட்டு நடக்கும் வேலை, தற்காலிக வேலை என்றால் சட்டமே பொருந்தவில்லை. பழுது பார்ப்பது இயல்பிலேயே விட்டு விட்டு நடக்கும் வேலை. மெஷின் கெட்டால்தான் வருவார்கள். மதுரையில் ஏஎம்சி எடுக்கும் கடைகள் பெரும்பாலும் பத்துப் பேரைத் தாண்டாதவை. இரண்டு வாசல் வழியாகவும் மெக்கானிக் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இந்த இடத்தில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்திருக்கின்றன. கொடுத்ததை முதலில் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பட்டியலில் இருக்கும் தொழில்களுக்கு மட்டும்தான் பேசியது. அரிசி ஆலை, பீடி, எண்ணெய்ச் செக்கு, கல் உடைப்பு, தோல் பதனிடுதல் என்று தொடங்கிய அந்தப் பட்டியலில் மாநிலங்கள் அவ்வப்போது தொழில்களைச் சேர்த்துக்கொண்டே வந்தன. பட்டியலில் பெயர் இல்லாத தொழிலைச் செய்பவருக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கவில்லை. ஊதியத் தொகுப்புச் சட்டம் இந்தப் பட்டியலையே தூக்கிவிட்டது. எந்த வேலை செய்தாலும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. யூபிஎஸ் பேட்டரி மாற்றுபவருக்கும் உண்டு. இது பெரிய விஷயம்.

எடுத்துக்கொண்டது இன்னொரு தொகுப்பில். பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயம் ஐம்பது பேருக்குத்தான் ஆரம்பிக்கிறது. இருபதுக்கே எட்டாதவர் ஐம்பதுக்கு எங்கே எட்டுவார்? போதாததற்கு, ஒப்பந்ததாரரிடம் நிரந்தரமாக வேலை பார்த்து, அவ்வப்போது ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவர் ‘ஒப்பந்தத் தொழிலாளி’ என்ற சொல்லுக்குள்ளேயே வர மாட்டார் என்று விலக்கும் இருக்கிறது. இந்த விலக்கில் தப்பு ஒன்றும் இல்லை. லிஃப்ட் கம்பெனியின் நிரந்தர ஊழியர் அலுவலக லிஃப்டைப் பார்க்க வந்தால் அவரை ஏன் ஒப்பந்தத் தொழிலாளி என்று கொள்ள வேண்டும்? ஆனால், ‘என் ஆளுக்கு ஆண்டுதோறும் ஊதிய உயர்வு இருக்கிறது, பிஎஃப் இருக்கிறது’ என்பதை எந்த அலுவலகத்தில், யார், எந்தத் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள்? டெண்டர் படிவத்தில் அப்படி ஒரு கட்டத்தைக் காணோம்.

இங்கே அமெரிக்காவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம். அங்கே 1965ஆம் ஆண்டிலிருந்து சேவை ஒப்பந்தச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசு 2,500 டாலருக்கு மேல் ஒரு சேவைக்கு ஒப்பந்தம் போட்டால், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நடப்பில் இருக்கும் ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் துறை வட்டாரவாரியாக, வேலைவாரியாக ஊதியப் பட்டியல் வெளியிடும். எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், ஏசி மெக்கானிக், அலுவலக மெஷின் பழுதுபார்ப்பவர் என்று தனித்தனியாக அதில் இருக்கும். அந்தப் பட்டியல் ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைக்கப்படும். டெண்டர் போடுகிற எல்லோருக்கும் கூலி ஒரே தளம். போட்டி அதற்கு மேலேதான்.

கம்ப்யூட்டர் வந்ததும் சிக்கலும் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் எதிர்த்தன. நாங்கள் தனியார் வாடிக்கையாளருக்கும் இதே மெஷினை, இதே ஆட்களை வைத்துத்தான் சரி செய்கிறோம், அரசுக்கு மட்டும் தனி ஊதியப் பட்டியல் என்றால் எப்படி என்பது அவர்கள் வாதம். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 1980இல் அவர்கள் பக்கம் நின்று அறிக்கை கொடுத்தது. 1983இல் திருத்திய விதிகளில் விலக்கும் வந்தது. கம்ப்யூட்டர், அறிவியல் கருவி, மருத்துவக் கருவி, அலுவலக மெஷின் ஆகியவற்றைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் சட்டத்திலிருந்து விலக்கு. நம் டெண்டர்களில் வரும் அதே மெஷின்கள்.

விலக்கு சும்மா கிடைக்கவில்லை. அந்த மெஷின் பொதுச் சந்தையில் பரவலாக விற்பதாக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் சந்தை விலையாக, ஊரறிந்த விலையாக இருக்க வேண்டும். முக்கியமாக, அரசு வேலைக்கு அனுப்பும் ஆளுக்குத் தனியார் வாடிக்கையாளரிடம் அனுப்பும் ஆளுக்குக் கொடுக்கும் அதே ஊதியமும் சலுகையும் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் நிறைவேற்றுவதாக நிறுவனம் கையெழுத்துப் போட்டுச் சான்று தர வேண்டும். சான்று தராவிட்டால் விலக்கு இல்லை, பழைய ஊதியப் பட்டியல்தான். அமெரிக்கத் தொழிலாளர் சட்டங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஓட்டை அங்கேயும் நிறைய. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்தது எளிமையானது. சட்டத்தை விட்டு வெளியே போகும் வாசலில் ஒரு ஆளை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நம்மிடமும் வாசல் இருக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை.

கூலியை எண்ணாமல் விலையை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றிய அரசு அலுவலக வளாகம் ஒன்றில் 200 ஸ்பிளிட் ஏசி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ், ஆக வருடத்துக்கு 800 சர்வீஸ். ஒரு மெக்கானிக், ஒரு ஹெல்பர். ஏணி போட்டு, ஃபில்டர் கழுவி, காயிலைத் துடைத்து, வெளியே இருக்கும் அவுட்டோரையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் என்றால் அது 2,400 ஆள்-மணி. வருடத்தில் ஒரு மெஷினுக்கு ஒரு புகாராவது வரும். அதற்கு இரண்டு பேர் இரண்டு மணி நேரம் என்றால் இன்னொரு 800. மொத்தம் 3,200 ஆள்-மணி, அதாவது 400 ஆள்-நாள். கெபாசிட்டர் வாங்கக் கீழமாரட் வீதிக்குப் போய் வரும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

2024 அக்டோபர் 1 முதல் ஒன்றிய அரசு அறிவித்த விகிதத்தில், ஏ பிரிவு நகரங்களில் திறன்பெற்ற தொழிலாளிக்கு நாள் ஊதியம் 954 ரூபாய், அரைத்திறன் தொழிலாளிக்கு 868 ரூபாய். ஏ பிரிவில் இல்லாத ஊர்களுக்கு இதைவிடக் குறையும், மாநில அரசின் விகிதம் வேறு. கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 நாள் என்றால் கூலி மட்டும் 3,64,400 ரூபாய். 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிஎஃப் பங்கைக் கட்டினாலும் இன்னொரு 30,000. ஒரு மெஷினுக்கு ஏறக்குறைய 1,970 ரூபாய் ஆகிறது. இதில் பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, உதிரிபாகம் இல்லை, கடை வாடகை இல்லை, முதலாளிக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

இப்போது அந்த வளாகத்துக்கு எல்1 ஆக வந்தவர் மெஷினுக்கு 1,200 ரூபாய் போட்டிருந்தால், அவர் எப்படிக் கட்டுப்படியாக்குவார் என்பதற்கு விடைகள் கொஞ்சம்தான். நாலு சர்வீஸில் இரண்டைத் தாளில் மட்டும் செய்வார். மெக்கானிக்குக்குப் பாதிக் கூலி கொடுப்பார். ஐடிஐ முடித்துவிட்டு வேலை பழக வந்த பையனைத் தனியாக ஏணியில் ஏற்றுவார். பெரும்பாலும் மூன்றும் நடக்கும். டெண்டர் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் இந்தக் கணக்கைப் போட முடியாதவர்கள் அல்ல. போட்டுப் பார்த்தால் கோப்பில் எழுத வேண்டி வரும், எழுதினால் எல்1ஐ ஏன் நிராகரித்தாய் என்று தணிக்கை கேட்கும். அதனால் போடுவதில்லை.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை. மேலே சொன்ன 954 ரூபாயை 26 நாளால் பெருக்கினால் 24,804 ரூபாய். ஈஎஸ்ஐ உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாயில் நிற்கிறது. சட்டப்படி முழுக் கூலி வாங்கும் மெக்கானிக் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போக முடியாது. கூலியைக் குறைத்து வாங்கினால் போகலாம். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிவது இந்தத் தொழிலில் அரிதல்ல என்பதால் இதை வேடிக்கை என்று சொல்வதுகூட நியாயமில்லை.

கூலிச் சங்கிலியின் நீளத்தையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனம் சென்னையில் டெண்டர் எடுக்கும். மதுரையில் ஒரு டீலருக்குக் கொடுக்கும். டீலர் பகுதிவாரியாகச் சின்னக் கடைகளுக்குப் பிரிப்பார். கடைக்காரர் மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில்லை, ஒரு ‘கால்’ போனால் இவ்வளவு. புகாரே வராத நவம்பர், டிசம்பரில் பல நாள் வருமானம் இல்லை. சித்திரை வெயிலில் தூக்கம் இல்லை. அலுவலக கிளார்க் கேட்பார்: “என்ன தம்பி, போன மாசமும் நீதானே வந்த, அதே மெஷின் மறுபடி நின்னு போச்சே?” மெக்கானிக் சொல்வார்: “கம்ப்ரசர் மாத்தணும் சார். எழுதிக் கொடுத்தாச்சு. கம்பெனியில இருந்து வரல.” இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த கம்ப்ரசருக்கான பணம் விலையிலிருந்து வெட்டப்பட்டுவிட்டது.

ஏசி நின்றால் வியர்க்கும், அவ்வளவுதான். மருத்துவமனையில் அப்படியில்லை. ஒன்றிய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, 29 மாநிலங்களில் 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள் இருந்தன. அவற்றின் மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. இதற்குத்தான் 2015இல் உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டம் வந்தது. மாவட்ட மருத்துவமனையில் கருவி 95 சதவீத நேரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீத நேரமும் ஓட வேண்டும். பராமரிக்கும் நிறுவனத்துக்குக் கருவிகளின் மதிப்பில் ஒரு பங்கு கட்டணம். ஓடும் நேரத்தை அளக்கத் தெரிந்த திட்டம் அது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதுவும் கருவியின் மதிப்பைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கருவியைத் திறந்து சரிசெய்யும் இன்ஜினியரின் ஊதியம் இங்கேயும் கம்பெனியின் சொந்த விவகாரம்.

2019 மே 7ஆம் தேதி மாலை மதுரையில் மழையோடு மின்சாரம் போனது. இராசாசி மருத்துவமனையில் ஜெனரேட்டரும் கைகொடுக்காத அந்த நேரத்தில், வென்டிலேட்டரில் இருந்த மூன்று நோயாளிகள் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நோயின் தீவிரமே காரணம் என்று மருத்துவமனை நிர்வாகம் மறுத்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை, மெக்கானிக்கின் கூலியோடு அதை முடிச்சுப் போடவும் இல்லை. அந்தச் சில நாட்கள் ஊரெல்லாம் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசியதைத்தான் நினைவுபடுத்துகிறேன். எப்போது சர்வீஸ் ஆனது, டீசல் இருந்ததா, பேட்டரி இருந்ததா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டீக்கடையில்கூடக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளை முதலிலேயே கேட்டு எழுதி வைப்பதற்குப் பெயர்தான் பராமரிப்பு ஒப்பந்தம். ‘யார் பார்த்துக்கொள்கிறார்கள்’ என்ற கேள்விக்கு அதில் கம்பெனி பெயர் மட்டும்தான் பதிலாக இருக்கிறது.

இதே ஊரில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. டிவிஎஸ் பேருந்துகள் அரசுடைமையாகி 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது, பேருந்தோடு பணிமனையும் சேர்ந்தே வந்தது. ஃபிட்டர், எலெக்ட்ரீசியன், டிங்கர், வெல்டர் எல்லோரும் கழகத்தின் ஊழியர்கள். தொழிற்சங்கங்களோடு தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் ஒப்பந்தம் போட்டு ஊதியம் முடிவானது. பணிமனையில் ஸ்பேனர் பிடிப்பவருக்கும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிசை இருந்தது. எந்த வண்டியில் எந்த போல்ட் எப்போது தளரும் என்று சத்தத்தைக் கேட்டே சொல்லும் ஆட்கள் அங்கே உருவானது தற்செயல் இல்லை. ஒரே மெஷினோடு இருபது வருடம் இருந்தால் வரும் அறிவு அது. ஒரு வருட ஏஎம்சியில், வருடத்துக்கு மூன்று ஆள் மாறும் கடையில், அது வராது. எல்லா ஏசி மெக்கானிக்கையும் அரசு ஊழியராக்கு என்று சொல்ல வரவில்லை. நடக்காது, தேவையும் இல்லை. ஆனால் பழுதுபார்க்கும் வேலைக்கு நிலையான ஊதியம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மதுரை வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

எதிர்வாதங்கள் இரண்டைக் கேட்கிறேன். ஊதிய வரி சேர்த்தால் ஏஎம்சி விலை ஏறும் என்பது முதலாவது. ஏறும். மேலே போட்ட கணக்கின்படி 1,200 ரூபாய் இரண்டாயிரத்தைத் தாண்டும். அதை மறைக்கத் தேவையில்லை. செய்யாத சர்வீஸுக்கு 1,200 கொடுப்பதா, செய்த சர்வீஸுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுப்பதா என்பதுதான் தேர்வு. அதோடு, 1982இல் ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கிலும் வேலைக்குச் சொந்தக்காரர் அரசுதான், நடுவில் ஒப்பந்ததாரர்கள்தான். எங்களுக்கும் தொழிலாளிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்ற பதிலை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. காகிதம் கூடினால் சின்னக் கடைக்காரர் செத்தார், பெரிய கம்பெனிகள்தான் நிற்கும் என்கிறார்கள். உண்மை. சின்னக் கடைக்காரரும் பெரும்பாலும் நேற்றைய மெக்கானிக்தான், எதிரி இல்லை. அவருடைய கழுத்தை நெரிப்பது கூலியைவிட பில் தாமதம். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கி, சீல் வாங்கி, பில் போட்டு, ‘பட்ஜெட் வரல’ என்ற பதிலோடு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டி. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும், அடுத்த வருட டெண்டரை நினைத்து எந்தக் கடைக்காரரும் அலுவலகத்தின் மேல் புகார் கொடுக்க மாட்டார். 2019இல் பிஎஸ்என்எல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கூலி வராமல் போராடினார்கள். மேலே பணம் நின்றால் கடைசியில் நிற்பது யாருடைய சம்பளம் என்று அப்போது எல்லோரும் பார்த்தோம். ஆகவே கூலி நிபந்தனையைக் கடைக்காரரிடம் கேட்கும் அதே தாளில், 45 நாளில் பில் தருவோம் என்று அலுவலகமும் எழுதித் தர வேண்டும். ஒருபக்க நிபந்தனை சின்னக் கடையை மட்டும்தான் கொல்லும்.

மெக்கானிக்கின் கூலியைக் கோப்புக்குள் கொண்டுவரப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. ஏஎம்சி டெண்டரின் விலைப் பட்டியலில் மெஷின் விலைக்குக் கீழே இத்தனை ஆள்-நாள், இந்தத் திறன் நிலை, நாள் ஊதியம் இவ்வளவு என்று ஒரு வரி கேட்கலாம். அந்த ஊதியம் அரசு அறிவித்த விகிதத்துக்குக் கீழே இருந்தால், பூஜ்யக் கட்டணம் போட்டவரை நிராகரிப்பது போலவே இதையும் நிராகரிக்கலாம். தணிக்கைக்குப் பதில் சொல்ல அதிகாரிக்கும் ஒரு பிடி கிடைக்கும். சொந்த நிரந்தர ஊழியர்தான் வருகிறார் என்று கம்பெனி சொன்னால், ஊதிய உயர்வு, பிஎஃப் விவரத்தோடு சான்று வாங்கலாம். சப்-கான்ட்ராக்ட் போனால் அந்தக் கடையின் பெயரும் தாளில் வர வேண்டும்.

ஒப்பந்ததாரர் மாறும்போது என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். ஸ்டிக்கர் மாறுகிறது, அதே மெக்கானிக் புதுக் கம்பெனிக்காகப் பழைய மெஷினைப் பார்க்க வருகிறார், பழைய கூலியிலிருந்து நூறு ரூபாய் குறைத்து. இது சகஜம். அமெரிக்கச் சட்டத்தில் 1972இல் இதற்கென்றே ஒரு திருத்தம் செய்தார்கள். முந்தைய ஒப்பந்ததாரர் தொழிற்சங்கத்தோடு ஒத்துக்கொண்ட ஊதியத்துக்குக் கீழே அடுத்தவர் இறங்க முடியாது. நம் மெக்கானிக்குகளுக்குச் சங்கம் இல்லாததால் அந்தத் திருத்தத்தை அப்படியே எடுக்க முடியாது. முந்தைய டெண்டரில் எழுதிய நாள் ஊதியத்தை அடுத்த டெண்டரின் தரையாக வைத்தால் போதும். ஊதிய வரி என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால்தான் அதுவும் நடக்கும்.

எல்லாவற்றையும்விட சுலபமானது சர்வீஸ் ரிப்போர்ட். இப்போது அதில் மெஷின் எண், புகார், செய்த வேலை, அலுவலகக் கையெழுத்து இருக்கின்றன. வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம் என்று மூன்று கட்டம் சேர்த்தால், வருடக் கடைசியில் எத்தனை ஆள்-மணி உண்மையில் நடந்தது என்று தானாகத் தெரியும். அடுத்த டெண்டரின் மதிப்பீட்டை ஊகித்து எழுத வேண்டியதில்லை. செய்யாத சர்வீஸுக்குக் கையெழுத்துப் போடுவதும் கொஞ்சம் கஷ்டமாகும்.

பெரும்பாலான அரசு அலுவலகங்களில் ஏஎம்சி மார்ச் 31இல் முடிகிறது. டெண்டர் கோப்பு ஜனவரியில் நகரத் தொடங்கும். போன வருடத் தாளை எடுத்து, தேதியை மாற்றி, மெஷின் எண்ணிக்கையைத் திருத்தி, மேலே அனுப்புவார்கள். அந்தத் தாளில் புதிய வரிகளைச் சேர்ப்பதென்றால் சேர்க்க வேண்டியது பிரிவு கிளார்க்கின் மேஜையில், பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வாரத்தில். பிப்ரவரி வந்துவிட்டால் நிதியாண்டு முடிவதற்குள் ஆர்டர் போட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும், அப்புறம் யாரும் தாளைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.